ஒரு விரல் இடைவெளி

விண்வெளிக்குப் போகிறவரின் முதுகை அளவெடுத்துத்தான் அவருக்கு இருக்கை வார்ப்பார்கள். திரும்பி வரும் கலம் தரையில் மோதும்போது, முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் எலும்பு தாங்காது. தயாளினிக்கு வார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவளுடைய தீவுக்குச் சொந்தமாக ராக்கெட் கிடையாது. பெரிய நாட்டின் கலத்தில் ஒரே ஓர் இடம் தருவதாக ஒப்பந்தம் மட்டும் உண்டு. ஏழு தடவை மாற்று ஆளாக நின்று மற்றவர்களுக்குக் கையசைத்து அனுப்பிவைத்திருக்கிறாள். அவள் வானத்தில் மிதக்கிற மாதிரி ஊரில் தபால்தலைகூட அடித்துவிட்டார்கள். உடம்பு மாறக் கூடாதென்று இத்தனை வருஷமும் அரைவயிற்றுச் சாப்பாடு.

இன்று காலை, போக வேண்டியவருக்குக் கடும் காய்ச்சல். தயாளினியை அவசரமாக, அன்று அவளுக்கென்று வார்த்த இருக்கையில் படுக்கவைத்தார்கள். இருக்கையை வார்த்த ஒசிப், கையில் விளக்கோடு குனிந்தார்.

“எங்கேயாவது இடிக்குதா? இடைவெளி தெரியுதா? உள்ளதைச் சொல்லணும்.”

“தெரிஞ்சா?”

“புதுசா வார்க்க ஒரு வாரம் ஆகும். கலம் நாளைக்குப் போயிடும்.”

இடுப்புக்கு அடியில் ஜில்லென்று காற்று நுழைந்தது. அவள் மூச்சை வெளியே விட்டு முதுகை அழுத்திக்கொண்டாள்.

“நல்லா ஒட்டியிருக்கு.”

ஒசிப் அவள் இடுப்புக்குக் கீழே கையை விட்டார். கை தடையில்லாமல் உள்ளே போனது. அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

“கையை எடுங்க ஒசிப்,” என்றாள் தயாளினி. “அதுதான் இடிக்குது.”