முப்பது எடுத்தால் நாற்பது சதவீதம்

நெல்லித்தோப்பில் அந்தக் கடைத்தெரு மதியம் ஒன்றரைக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் ஏற்றும். சாப்பாடு, அப்புறம் ஒரு குட்டித் தூக்கம். பாண்டிச்சேரி வியாபாரிகள் லாபத்தை விட்டாலும் விடுவார்கள், இதை விடமாட்டார்கள்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து. ஒரே மாதத்தில் மூன்று கடைகளில் பட்டப்பகலில் திருட்டு. பூட்டு உடையவில்லை. யாரோ சாவி போட்டுத் திறந்து, கல்லாவை வழித்துக்கொண்டு, மறக்காமல் திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மரியாதை தெரிந்த திருடன்.

மூன்று பூட்டும் லூர்துபிரகாஷின் ஹார்டுவேர் கடையில் வாங்கியவை. தெரு முழுக்க அதே பேச்சு. வியாபாரிகள் சங்கத் தலைவி நிர்மலாதேவி, எதிர்வரிசையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

"பூட்டு வித்தவருகிட்ட இன்னொரு சாவி இல்லாமலா இருக்கும்?"

அன்றிலிருந்து பூட்டு வாங்க வந்தவர்கள்கூட ஆணி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இன்னொரு திருட்டு நடந்தால் கடையைக் காலி செய்துவிட வேண்டும் என்று சங்கமும் சொல்லிவிட்டது. இருபது வருடக் கடை. லூர்துபிரகாஷுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் இளஞ்செழியனை வரச் சொன்னார். கடைகளுக்கு பில் போடும் சாப்ட்வேர் வைத்துக் கொடுக்கும் லாஸ்பேட்டைப் பையன். அந்தத் தெருவில் பாதிக் கடைகளுக்கு அவன்தான். ஒவ்வொரு கல்லாவிலும் இரண்டு நாளாவது உட்கார்ந்து, டீயும் வடையும் சாப்பிட்டு வேலையை முடித்தவன்.

"மொத்தமா வாங்குனா தள்ளுபடி தானா விழணும் தம்பி. இந்தப் புதுப் பூட்டு, பத்து எடுத்தா அஞ்சு பர்சன்ட்."

இளஞ்செழியன் தட்டினான். "முப்பது எடுத்தா?"

"நாப்பது."

திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது.

"அண்ணே, அடக்க விலைக்குக் கீழ போவுது. பூட்டுக்குப் பூட்டு நஷ்டம்."

"போவட்டும். பேரே போயிடுச்சு, காசு போனா என்ன? சங்கத்துல முப்பது கடை. இந்த விலையக் கேட்டா எல்லாரும் சேர்ந்து ஒரே பில்லா வாங்கிடுவாங்க."

இளஞ்செழியன் தள்ளுபடியைப் பதிந்துவிட்டு, சரக்கைக் கணக்கில் ஏற்றப் பெட்டியைப் பிரித்தான். கை நின்றது. எல்லாச் சாவியிலும் ஒரே எண். ஒரு பூட்டின் சாவியை இன்னொன்றில் போட்டுத் திருப்பினான். டக்கென்று திறந்தது.

"அண்ணே, எல்லாத்துக்கும் ஒரே சாவி!"

லூர்துபிரகாஷ் எழுந்து வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். "குடோனுக்குன்னு இப்படியும் செஞ்சு தராங்க. சொல்லி வரவழைச்சேன். சத்தம் போடாத."

"தெருக்காரங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வாங்குவாங்களா?" அவர் சிரித்தார். ஒரு பூட்டைச் சாவியோடு எடுத்து அவன் பையில் போட்டார். "இத வீட்டுக்கு வச்சுக்க. நீ ஒண்ணும் பாக்கல."

இளஞ்செழியன் தலையாட்டினான்.

மறுநாள் தள்ளுபடி சரியாக விழுகிறதா என்று பார்க்க அவன் வந்திருந்தபோது நிர்மலாதேவி உள்ளே நுழைந்தார்.

"நாப்பது பர்சன்ட்டுன்னு கேள்விப்பட்டேன். நெசமா?"

"கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்கக்கா."

லூர்துபிரகாஷ் முப்பது என்று தட்டியதும் தொகை தானாகச் சரிந்தது.

"சங்கத்துப் பேர்ல பில் போடுங்க. முகூர்த்த சீசன். கல்லாவுல பணத்த வச்சுட்டுச் சாப்பிடப் போறப்ப பக்குபக்குன்னு இருக்கு. விக்கிறவர நம்பி வாங்கல, விலைய நம்பி வாங்குறோம்."

லூர்துபிரகாஷ் பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குமேல் இருக்கும். தெருவில் நாய்கள்கூடத் தூங்கிக்கொண்டிருந்தன. ஸ்கூட்டரில் வந்த ஒரு ஹெல்மெட், நிர்மலாதேவியின் ஜவுளிக்கடை முன் நின்றது. அக்கம்பக்கத்துக் கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பளபளக்கும் புதுப் பூட்டு முன் குனிந்தது. பையிலிருந்து சாவி வந்தது. டக்கென்று திறந்தது.

ஷட்டரை இடுப்பளவு தூக்கி, ஹெல்மெட் உள்ளே நுழைந்து, ஓசைப்படாமல் இறக்கிவிட்டது.

விளக்கு எரிந்தது.

சேலை அடுக்குகளுக்கு நடுவே நாற்காலி போட்டு நிர்மலாதேவியும் சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவாசையும் உட்கார்ந்திருந்தார்கள். பின்வாசல் வழியாக வந்து காத்திருந்ததில் இரண்டு பேருக்கும் மதியத் தூக்கம் போயிருந்தது. அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

"ஹெல்மெட்டக் கழட்டுய்யா," என்றார் அம்மாவாசை.

"நான் அப்பவே சொன்னனே," என்றார் நிர்மலாதேவி. "பூட்டு வித்தவருகிட்ட இன்னொரு சாவி இருந்துதான் இருக்கு."

"இருந்துச்சுக்கா. அதத்தான் இவன்கிட்ட குடுத்துட்டனே," என்று கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார் லூர்துபிரகாஷ். "திருட்டுப் போன மூணு கடையிலயும், கல்லாவுல கெடந்த சாவிக்கொத்துப் பக்கத்துல ரெண்டு நாள் உக்காந்து வேல பாத்தது யாருன்னு யோசிச்சேன். சோறு எறங்காதப்ப வேற என்ன வேல?"

ஹெல்மெட்டைக் கழற்றிய இளஞ்செழியனுக்கு அப்புறம்தான் தெரிந்தது, அவன் கண்ணெதிரே பில் போட்ட முப்பது பூட்டில் இருபத்தொன்பது இன்னும் லூர்துபிரகாஷின் கடைப் பெட்டியிலேயே இருக்கின்றன, தெருவில் தொங்கியது அவனுக்காக மாட்டிய ஒன்றே ஒன்றுதான் என்று.