பாதி வாக்கியம்

"இது பாதிதான் ரோஸ். 'அவர் கடலுக்குப் போன பிறகு'ன்னு எழுதி முற்றுப்புள்ளி வச்சுட்டே. போன பிறகு என்ன ஆச்சு? அதைச் சொன்னாத்தானே வாக்கியம்?"

லூசி மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்தாள்.

தோங்யோங் துறைமுகத்தை ஒட்டிய மாடியில் செவ்வாய்தோறும் மதியம் இங்கிலீஷ் வகுப்பு. கொரியாவில் இரண்டு வயது மூத்தவரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட முடியாது. இங்கே டீச்சர் வைத்த சட்டம் வேறு. உள்ளே வந்தால் உறவுமுறை கிடையாது, மரியாதை விகுதி கிடையாது. ஆளுக்கொரு இங்கிலீஷ் பெயர். எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான்.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. படகுகள் மிதக்கின்றனவா, பறக்கின்றனவா என்றே தெரியவில்லை. இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும், தான் வேறு யாரோ என்று ரோஸுக்குத் தோன்றும். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

"உனக்கு எழுதத் தெரியாம இல்ல. பயப்படுறே."

"மாமியாரை நினைச்சாத்தான் பயம். அவர் படகு திரும்பி வராம ஆறு வருஷம். வீட்டுல அவங்களும் நானும் மட்டும்தான். மகன் போட்டோவைத் தினமும் துடைக்கிறாங்க. அங்க நின்னு இதை எப்படிச் சொல்றது? வாயே வர மாட்டேங்குது."

"இங்க எழுதலாமில்ல? மூணு வாக்கியம்தானே கேட்டிருக்காங்க. தப்பிருந்தா நான் திருத்துறேன்."

ரோஸ் வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே மூச்சில் எழுதினாள்.

'அவர் கடலுக்குப் போன பிறகு நான் தனியாக இருந்தேன். இப்போது ஒருவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். நானும் அதை விரும்புகிறேன்.'

லூசி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது. எங்கோ ஒரு படகு ஊதியது.

"யாரு, அந்த வலைக்கடைக்காரனா?"

"ம்."

"நல்லாச் சிரிப்பான். கொஞ்சம் குள்ளம்."

ரோஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வாக்கியம் சரியா?"

"மூணும் முழுசா இருக்கு."

"மாமியார் என்ன சொல்வாங்க லூசி?"

லூசி பென்சிலை வாங்கி, அடியில் கோணல்மாணலாக ஒரு வரி எழுதினாள். "இதை நீ திருத்து."

'அவள் கல்யாணத்துக்கு வருவாள்.'

ரோஸ் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது. திருத்த ஒன்றுமில்லை.

மணி அடித்தது. எல்லாரும் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்கள். வாசலில் ரோஸ் குனிந்து, லூசியின் செருப்பைத் திருப்பி வைத்து, பிடித்துக்கொள்ளத் தோளைக் கொடுத்தாள்.

"பார்த்து மாட்டுங்க அத்தை," என்றாள். "படியெல்லாம் ஈரமா இருக்கு."