தரை வழியாக

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. காது சோதிக்கும் அம்மாள் குமிழைத் திருக, மூலையிலிருக்கும் பெட்டியிலிருந்து ஒலி கிளம்பிப் பல்லைக் கூசவைக்கிறது. பலகைத் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதுக் குட்டியோ தன் சட்டைப் பொத்தானை இழுத்துக்கொண்டிருக்கிறாள். "வீட்ல இவளுக்கு நல்லாக் கேக்குதுங்க. நான் படியேறி வந்தாலே திரும்பிப் பார்ப்பா" என்று பின்னால் தாயோடு நிற்கும் அப்பாக்காரன் விடாப்பிடியாகச் சொல்கிறான், வழக்கம்போலத் தரையைத் தொம்மென்று மிதித்து, "குட்டிம்மா" என்கிறான். அவள் சட்டென்று திரும்பிச் சிரிக்கிறாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. காது சோதிக்கிறவள் மட்டும் சிரிக்கவில்லை. தடித்த மெத்தையை விரித்து அதில் தாயை உட்காரவைத்து, முகம் தாயைப் பார்க்கும்படி குட்டியை அவள் மடியில் இருத்துகிறாள். "தரை அதிர்ந்தா உடம்புக்கே தெரிஞ்சிடும். உங்க குரல் காத்தை அசைச்சு, அந்த அசைவு காதுக்குள்ள இருக்கிற சவ்வை அதிரவச்சு, நரம்பு வழியா மூளைக்குப் போகணும். காலை அசைக்காமக் கூப்பிடுங்க." கால் ரெண்டையும் ஆணியடித்த மாதிரி வைத்துக்கொண்டு அவன் கூப்பிடுகிறான். பிறகு உரக்க. பிறகு தொண்டை கிழிய. குரல் பஞ்சுச் சுவரில் பட்டு அங்கேயே செத்துப்போகிறது. குட்டி அம்மாவின் கன்னத்தைத் தடவுகிறாள், விரல் ஈரமாகிறது. அம்மாவின் கண் அவன்மேலேயே நிலைத்திருக்க, அது போகும் திக்கில் குட்டி மெல்லத் திரும்புகிறாள். அப்பாவைக் கண்டதும் வாயெல்லாம் சிரிப்பு. "கேட்டுச்சு" என்கிறான் அவன்.