துபாய்க்காரன் கஞ்சி

"என்னய்யா இது, நோன்புக் கஞ்சியா, அரிசி களைஞ்ச தண்ணியா?"

கஞ்சிப் பொறுப்பைப் பார்க்கும் அன்வர் பாட்சா அகப்பையை அண்டாவின் அடிவரை விட்டுத் துழாவினார். பருப்பு வந்தது, வெந்தயம் வந்தது. கறி மட்டும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் கஞ்சி, ஹனீபாவின் முறை. துபாய் வேலையை விட்டு ஊரோடு வந்தபின் அவன் கேட்டு வாங்கிய முதல் முறை.

"துபாய்க்காரன் கஞ்சின்னு ஊரே தூக்குவாளியோட நிக்குது!"

"வீட்டுல ஏசி மாட்டத் தெரியுது, கஞ்சியில கறி போடத் தெரியல" என்றது வரிசையில் ஒரு குரல்.

ஹனீபா அங்கிட்டு, ஆவூரிலிருந்து வந்திருந்த பீட்டருக்குப் பள்ளிவாசலைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். துபாயில் இருவரும் ஒரே ரூம்.

"டில்லியில மொகலாயர் ஆண்டப்பக் கட்டுனதுடா. தூணைத் தொட்டுப் பாரு, அத்தனையும் ஒத்தைக் கல்லு."

"ரூம்ல நீ அளந்துவிட்டப்ப இன்னும் உசரமா இருந்துச்சே!"

இருவரும் சிரித்தார்கள். பீட்டர் செல்போனில் தூணைப் படம் பிடிக்கப் போனான். ஹனீபாவின் அக்காவைக் கட்டிய அன்வர் பாட்சா, அந்த நேரம் பார்த்து மைத்துனனை ஓரமாக இழுத்தார்.

"மாப்ள, கறி எங்கய்யா?"

"வேணாம்னு விட்டுட்டேன் மச்சான்."

"ஊரு சிரிப்பாச் சிரிக்குது. அடுத்த வருஷம் ஒனக்கு முறை கிடையாது, சொல்லிட்டேன்!"

ஹனீபாவின் முகம் சுருங்கியது.

பாங்கு ஒலித்தது. வரிசையாக உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு எல்லோரும் கஞ்சியை எடுத்தார்கள். பீட்டர் மட்டும் கோப்பையைக் கையில் வைத்தபடி ஹனீபாவைப் பார்ப்பதும் கஞ்சியைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"என்ன தம்பி யோசனை? தைரியமாக் குடிங்க" என்றார் அன்வர் பாட்சா நக்கலாக. "மருந்துக்குக்கூடக் கறி கிடையாது!"

பீட்டரின் முகம் மலர்ந்தது. மடமடவென்று குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினான்.

"நல்லவேளை பாய்! எங்களுக்கு இது தவக்காலம். வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டோம். இவன் மனசு நோகுமேன்னு, எப்படியாச்சும் குடிச்சிரணும்னு இருந்தேன்."

அன்வர் பாட்சாவின் அகப்பை அப்படியே நின்றது. ஹனீபாவின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"ஏன்யா, இவருக்கு மட்டும் தனியா ஒரு சட்டியில காய்ச்சியிருந்தா, நீ ஊரு வாயில விழுந்திருக்க வேணாமே?"

ஹனீபா சிரித்தான்.

"தனிச் சட்டி வச்சா, அவன் விருந்தாளி ஆயிருவானே மச்சான்!"