சோடா வழக்கு

ஐம்பதாவது படியிலேயே ஏசுபாதத்தின் முட்டி இரண்டும் பிடித்துக்கொண்டன.

கல் குவாரியில் முப்பது வருஷம் கல் சுமந்த முட்டி. இன்னும் எழுபது படி இருக்கிறது என்றான் மகன் ஜோயல்.

ஜோயலை அவன் கம்பெனி இரண்டு வருஷத்துக்குப் பிரான்சுக்கு அனுப்பியிருந்தது. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துக் கேளம்பாக்கத்திலிருந்து வரவழைத்து, ஷாம்பெயின் செய்கிற ஊரைச் சுற்றிக்காட்டக் கூட்டி வந்திருந்தான்.

"ஒயினு வெக்கறதுக்கு இம்மாம் பெரிய கெணறா?" என்றாள் மார்கரெட். படிக்கு ஒரு 'ஏசப்பா' போட்டு ஒயின் நிலவறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

கீழே ஐஸ் பெட்டிக்குள் நுழைந்த மாதிரி குளிர். கைடு பெண் பாட்டில்களைக் காட்டினாள். ஏசுபாதம் சுவரைத் தடவினான். சுண்ணாம்புக் கல். கையால் வெட்டிய தழும்பு. வெட்டினவனுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்கச் சொன்னான். ஜோயல் கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் இங்கே வேலை செய்தவர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொள்வார்களாம். பாட்டில் தானாக வெடிக்குமாம். ஒன்று வெடித்தால் பக்கத்திலிருப்பதெல்லாம் பட்டாசுச் சரமாம். ஜோயல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

மார்கரெட் நின்றுவிட்டாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸ் அன்று, கேளம்பாக்கம் வீட்டில் அவள் போட்ட திராட்சை ஒயினும் இப்படித்தான் வெடித்தது. கட்டிலுக்கு அடியில் ஆறு பாட்டில். கட்டிலுக்கு மேல் பாஸ்டர்.

ஜெபத்தில் அவர் 'சமாதானம்' என்ற இடத்துக்கு வந்திருந்தார். டமால். வெள்ளை அங்கி முழுக்கச் சிவப்பு. யாரோ சுட்டுவிட்டார்கள் என்று நினைத்த பாஸ்டர், "பிதாவே, என் ஆவியை" என்று ஆரம்பித்துவிட்டார்.

மிஞ்சிய ஒரே பாட்டிலை ஏசுபாதம் திறந்தான். தக்கை போய் ஃபேனில் மோதியது. நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது. நாக்கில் வைத்தால் சுரீர்.

சோடா!

எல்லோரும் தாவீதைப் பார்த்தார்கள். மார்கரெட்டின் ஒரே தம்பி. முட்டுக்காடு போட் ஹவுஸ் வாசலில் சோடாக் கடை வைத்திருப்பவன். பண்டிகைக்கு வந்து நாலு நாளாக அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தான். திருடிக் குடித்துவிட்டு, அளவு குறைந்தது தெரியாமலிருக்கச் சோடாவை ஊற்றி வைத்திருக்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தாவீது பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

"தண்ணிய ஒயினாக்குனாரு ஆண்டவரு. நீ ஒயினயே சோடாவாக்கிட்டியேடா," என்று சொல்லி, பாஸ்டர் முன்னாலேயே ஏசுபாதம் ஓர் அறை விட்டான்.

தாவீது பிரியாணியைத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான். பஸ் முட்டுக்காடு பாலத்தில் ஏறினால் மார்கரெட் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். தூசி என்பாள். இப்போது, வருகிற மாதம் தாவீது மகள் சிநேகாவுக்குக் கல்யாணம். கேளம்பாக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது. அத்தை மார்கரெட் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

"இதுல சோடாவ எப்ப ஊத்துவாங்கன்னு கேளுடா," என்றாள் மார்கரெட்.

ஜோயல் கேட்டான். கைடு பெண் சிரித்தாள். சோடாவே கிடையாதாம். அடைத்த பாட்டிலுக்குள் ஒயின் மறுபடியும் புளித்துத் தானே நுரை கட்டுமாம்.

மார்கரெட் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கினியா?"

ஏசுபாதம் திரும்பவும் சுவரைத் தடவ ஆரம்பித்தான்.

"அதுக்கு முன்ன இருவது வருசம் போட்டுகீறேன். ஒருவாட்டிகூட வெடிச்சதில்ல. அந்த வருசம் மட்டும் இன்னா வந்திச்சின்னு கேளுடா," என்றாள் மார்கரெட் மகனிடம்.

அடைக்கும்போது ஒரு பொருள் சேர்த்தால்தான் அப்படி ஆகும், அது என்ன என்று மேலே போய்ச் சொல்கிறேன் என்று கைடு பெண் கண்ணடித்துவிட்டுப் படியேறினாள்.

ஏறும்போது முட்டி இன்னும் மோசம். மேலே செய்முறை அச்சடித்த காகிதம் ஒன்றையும் ஒரு கிளாஸையும் ஆளுக்கு ஆள் கொடுத்தார்கள். தக்கையைச் சுற்றியிருந்த கம்பியை ஒருவன் முறுக்கிக் கழற்றுவதை ஏசுபாதம் உற்றுப் பார்த்தான். ஒரு மடக்குக் குடித்தான். சுரீர் என்றது. அதற்குப் பின்னால் ஒரே புளிப்பு.

"இன்னா நைனா, நல்லால்லியா?" என்றான் ஜோயல்.

"புளிக்குது. இவனுங்களுக்கு இன்னா தெரியும்? பாட்டிலுக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரைய போட்டு, கம்பி கட்டி வெச்சா சும்மா தேன் மாதிரி இருக்கும்."

ஜோயல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"அதாம் நைனா அந்தப் பொருளு. சக்கரை. இதுல போட்டுகீறான். உனக்கெப்படித் தெரியும்?"

மார்கரெட்டின் கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு இருபது நாள் இருக்கும்போது, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம். ஏசுபாதம் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தான். புளித்தது. பாஸ்டர் வேறு வரப்போகிறார். பாட்டிலுக்கு இரண்டு ஸ்பூன் போட்டு, தக்கையைக் குவாரிக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, அதை மறந்தும் போனான். சக்கரைக்கும் நுரைக்கும் சம்பந்தம் உண்டென்று இந்த நிமிஷம் வரை அவனுக்குத் தெரியாது.

மார்கரெட் கிளாஸைக் கீழே வைத்தாள். மகனின் போனைப் பிடுங்கினாள். ஒன்பது வருஷமாகப் போடாத நம்பர். ஓர் எண்கூடத் தடுமாறவில்லை.

"இந்தாய்யா. ரிங் போவுது. நீயே பேசு."

ஏசுபாதம் போனை வாங்கிக் காதில் வைத்தான்.

தாவீதிடமிருந்து அவன் திருப்பி வாங்க வேண்டியது ஓர் அறை.