தள்ளிப்போன மாதவிலக்கு

மூன்று மாதம் முடிவதற்குள் கர்ப்பத்தை வெளியே சொல்லக்கூடாது என்பார்கள். உடலின் மாற்றங்களைக் கண்டு பதிவுசெய்ய எல்லோர் கையிலும் மாட்டியிருந்த உடல்காப்புக்கும் அந்த வழக்கத்தையே பழக்கியிருந்தார்கள். கரு உண்டானதும் எனக்கும் என் கணவர் செழியனுக்கும் மட்டும் அது சொன்னது. இடையில் கலைந்துவிட்டால், யாரும் வருந்த வேண்டாமென்று இருவர் காப்பிலும் பழைய பதிவை அழித்து, ‘தள்ளிப்போன மாதவிலக்கு’ என்று மாற்றிவிடும்.

அன்று காலை இடுப்பு கழன்றுவிடுவதுபோல வலி. ரத்தம் கட்டிகட்டியாகப் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் காப்பை மட்டும் பார்த்தார்.

“தள்ளிப்போய் வந்திருக்கும்மா. சூடா ஏதாவது குடிச்சுட்டுப் படுங்க.”

வீட்டுக்கு வந்து செழியனிடம், “நம்ம பிள்ளை போயிடுச்சுங்க” என்றேன்.

அவர் தன் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிள்ளைன்னு ஒண்ணு இருந்ததாவே இதுல இல்லையே, வாணி.”

“அப்ப நேத்து வரைக்கும் என் வயித்துல வாயை வச்சு யாருகூடப் பேசுனீங்க?”

கூடத்திலிருந்து என் மாமியார், “ஏன்டா அவ அழறா?” என்று கேட்டார்.

செழியன் என் முகத்தைப் பார்க்காமல் கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

“மாசாமாசம் வர்றதுதாம்மா.”