ஒழுகிய மூலை

பெண் மைனா இறந்தபின் தனியாக இருக்கப் பிடிக்காமல், ஆண் மைனா தன் மரப்பொந்தை விற்க நினைத்தது. தரகர் காக்கை வந்து உள்ளே எட்டிப் பார்த்தது.

"மேற்கு மூலையில ஈரம் தெரியுதே, அண்ணாச்சி. ஒழுகுற வீட்டை எவன் வாங்குவான்? நாளைக்குக் கிளி ஜோடி பார்க்க வருது. அதுக்குள்ள அடைச்சிடுங்க."

மைனா வேப்பம்பிசின் கொண்டுவந்து விரிசலில் அப்பியது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா!" என்று சிரித்தது காக்கை. "இதுக்கா இத்தனை மழை பொறுத்தீங்க?"

மைனா அலகில் ஒட்டிய பிசினைக் கிளையில் தேய்த்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த விரிசலை அடைக்கச் சொல்லிப் பெண் மைனா கேட்கும். "வெயில் வரட்டும், பார்க்கலாம்" என்று ஆண் மைனா சொல்லும். வெயில் வந்ததும் மறந்துவிடும். காய்ந்த பக்கத்தைக் கணவனுக்கு விட்டுவிட்டு, அந்த மூலையில் நனைந்தபடியே படுத்த பெண் மைனா, போன ஐப்பசியில் குளிர் தாங்காமல் கண்ணை மூடியது.

மறுநாள் கிளிகள் வந்தன. பெண் கிளி நேரே மேற்கு மூலையில் போய் உட்கார்ந்தது.

"இந்த இடம் எனக்கு. மழைக்கு ஒழுகாதே, அண்ணே?"

"ஒரு சொட்டு ஒழுகாது!" என்று முந்திக்கொண்டது காக்கை.

"இனிமேல் ஒழுகாதும்மா" என்றது மைனா.